கொழுந்து லொறியின் ஹோன் பொத்தான்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கைக்கடிகாரம் கட்டியவர்கள் மிகக் குறைவு. அதைப் பார்க்க வேண்டிய தேவை இருந்தவர்கள் அதைவிடக் குறைவு. காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கிற பெரட்டுக்குத் தப்பு அடிப்பார்கள். அதற்குப் பிறகு நாள் முழுவதையும் கொழுந்து லொறியின் ஹோன் பார்த்துக்கொள்ளும். றொசல்ல ஸ்டேஷனுக்கு மேலே, பாறை வளைவில் லொறி திரும்பும்போது நீளமாக ஒரு சத்தம் வரும். அதைக் கேட்டால் மலையில் நிற்கிற பெண்கள் கையில் இருக்கிற கொழுந்தைக் கூடையில் போட்டுவிட்டு நிறுவைக்கு இறங்கிவிட வேண்டும். கங்காணி தொண்டை கிழியக் கத்தினாலும் காதில் வாங்காதவர்கள்கூட ஹோனுக்கு மறுபேச்சுப் பேசியதில்லை. அந்த ஹோனை அடித்தவர் என் தாய்மாமா.

அப்போது எனக்கு ஒன்பது வயது இருக்கும். தோட்டம் அரசாங்கத்தின் கைக்குப் போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஒவ்வொரு காம்பராவாகப் பூட்டு விழுந்துகொண்டிருந்த காலம் அது. இரண்டு அரசாங்கங்கள் செய்த ஒப்பந்தத்தின்படி குடும்பம் குடும்பமாக இந்தியாவுக்குப் போனார்கள். அட்டன் ஸ்டேஷனிலிருந்து அவர்களை ஏற்றிப்போகிற ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வைத்திருந்தார்கள், காது கேட்கிற எவரும் அந்தப் பெயருக்குக் காரணம் கேட்க மாட்டார்கள். என்னோடு பாண்டி விளையாடிய ஒரே கூட்டாளியும் அதில்தான் போனாள். போகும்போது தன் கோழிக்குஞ்சை என் கையில் கொடுத்து, பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். மறுவாரமே அதைக் கீரி தூக்கிக்கொண்டு போய்விட்டது. அவளுக்குத் தெரியப்போவதில்லை என்பது ஒரு ஆறுதல்.

மாஸ்டரும் இந்தியாவுக்குப் போய்விட்டதால் பள்ளிக்கூடம் பெரும்பாலும் பூட்டியே கிடந்தது. அம்மா விடிந்ததும் மலைக்குப் போவாள். அப்பாவுக்குத் தொழிற்சாலையில் வேலை, வீட்டில் இருந்தால் தூங்குவார். லயத்து வாசலில் நான் தனியாக உட்கார்ந்திருப்பேன். மேகம் இறங்கிவிட்டால் எதிர்ப்பக்கத்து மலையும் தெரியாது. பேச ஆளில்லாமல் பூட்டிய காம்பராக்களின் கதவைத் தட்டிவிட்டு ஓடி வருவேன். யாரும் திட்ட வராதபோது அழுகையாக வரும்.

அந்த அழுகைக்கு மருந்து மாமாதான். அம்மாவுக்குத் தம்பி, கல்யாணம் ஆகாதவர், லயத்தின் கடைசிக் காம்பராவில் தனியே இருந்தார். சாப்பாடும் துணி துவைப்பும் எங்கள் வீட்டில். பெரட்டு முடிந்ததும் லொறியை லயத்துக்குக் கீழே நிறுத்திக் கதவைத் திறந்து வைப்பார். வா என்று கூப்பிட மாட்டார். நான் ஓடிப்போய் ஏறிக்கொள்வேன். சாக்கை நாலாக மடித்துப் போட்டு அதன்மேல் உட்கார வைப்பார், அப்போதுதான் எனக்கு ரோடு தெரியும். மாமா மனிதர்களோடு அதிகம் பேசுகிறவர் இல்லை. ஏற்றம் வந்தால் மட்டும் லொறியைப் பார்த்து, "வாம்மா, வாம்மா, இன்னும் கொஞ்சந்தான்" என்பார். வெள்ளைக்காரத் துரை காலத்தில் வந்த லொறி அது, அம்மாவைவிட மூத்தது. அதனால் அந்த மரியாதை தகும்.

மாமா போக வேண்டியவர் என்பது எனக்கும் தெரியும். தாத்தா எந்தக் காலத்திலோ இந்தியக் குடியுரிமைக்கு வைத்த ஒரு கைநாட்டில் மாமாவின் பெயரும் சேர்ந்து இந்தியாவுக்குப் போய்விட்டது. இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்த அப்பாவைக் கட்டிக்கொண்ட காரணத்தால் அம்மா இலங்கையில் நின்றுவிட்டாள். ஒரே வயிற்றில் பிறந்தவர்களை இப்படிக் கொழுந்து தரம் பிரிப்பதுபோலப் பிரித்து வைத்திருந்தார்கள். ஆனால் போகச் சொல்லி உத்தரவு வந்த பிறகும் வருடக்கணக்கில் போகாமல் இருந்தவர்கள் தோட்டத்தில் உண்டு. கேட்கும்போதெல்லாம் அம்மா, "அதுக்கு இன்னும் நாள் கெடக்குடி" என்பாள். மாமாவும் அப்படி நாள் கிடக்கிறவர்களில் ஒருவர் என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

தோட்டத்து வழக்கம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். இது எனக்கு வெகு பின்னால்தான் தெரியவந்தது. தோட்டத்தை விட்டுப் போகிறவர் தன் பொறுப்பில் இருந்ததைக் குறையில்லாமல் திருப்பிக் கொடுக்க வேண்டும். கவ்வாத்து வெட்டியவர் கத்தியைக் கொடுப்பார். காம்பராக்காரர் பூட்டையும் சாவியையும் கொடுப்பார். அதன்பிறகுதான் ஆபீசில் பெயர் வெட்டுவார்கள், பெயர் வெட்டினால்தான் கோச்சி ஏற முடியும். மாமாவின் பொறுப்பில் இருந்தது லொறி. அதை நல்ல நிலையில் புது டிரைவரிடம் ஒப்படைத்தால் அவருடைய கணக்கு முடிந்துவிடும்.

மழை மாதத்தில் ஹோனுக்குக் குரல் கம்மியது. மாமா ஸ்டியரிங்கின் நடுவிலிருந்த பொத்தானைக் கழற்றினார். நான் முதன்முதலில் அதன் வயிற்றைப் பார்த்தது அன்றைக்குத்தான். மேல்மூடியை உள்ளங்கையால் அமுக்கி ஒரு திருகு திருகினால் கையோடு வந்துவிடும். உள்ளே ஒரு சுருள் கம்பி, அதற்குக் கீழே சின்னப் பித்தளைக் கிண்ணம், அடியில் கறுப்பு வளையம் ஒன்று. பித்தளையில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது. மாமா அதைப் பழப்புளி போட்டுத் தேய்த்து, என் பாவாடை நுனியிலேயே துடைத்தார். கறுப்பு வளையம்தான் பித்தளையையும் இரும்பையும் தொடவிடாமல் தள்ளி வைக்கிறது, அது இடம் மாறினால் அமுக்காமலே ஹோன் கத்தும் என்றார். சுருள் இல்லாவிட்டால் எவ்வளவு அமுக்கினாலும் சத்தம் வராதாம். மாமா ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. சொல்லிக்கொண்டே தேத்தண்ணி ஆறுவதற்குள் எல்லாவற்றையும் பூட்டி முடித்துவிட்டார். ஹோன் பழையபடி மலையை அதட்டியது.

அடுத்த வாரம் புது டிரைவர் வந்தார். கீழே கிராமத்துச் சிங்களவர், சாதுவான மனிதர். எனக்கு ஒரு பை நிறைய வெரளிக்காய் கொண்டுவந்து கொடுத்தார். நான் அவர்மேல் இருந்த கோபத்தில் எல்லாவற்றையும் தின்று முடித்தேன். மாமா பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அவர் லொறியை வளைவுவரை ஓட்டிப் பார்த்தார். பிரேக் பாதிதான் பிடிக்கும், சரிவில் நிறுத்தினால் சக்கரத்துக்குக் கல் வைக்க வேண்டும். அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பிரேக் இல்லாமல் தோட்டம் நடந்துவிடும், ஹோன் இல்லாமல் நடக்காது.

லொறியை ஒப்படைக்கக் குறித்த நாளுக்கு முதல் நாள் ஹோன் ஊமையாகிவிட்டது. மாமா பொத்தானைக் கழற்றினார், மழையில் நின்றபடி வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கீழே குனிந்து தேடத் தொடங்கினார். சுருள் தெறித்து எங்கேயோ விழுந்துவிட்டது என்றார்.

தேயிலைத் தூருக்குள், தண்ணீர் ஓடுகிற கானுக்குள், சக்கரத்தடியில் என்று நான் தேடாத இடமில்லை. அட்டை கடித்து இரண்டு காலிலும் இரத்தம் வழிந்தது. நிறுவைக்கு வந்த பெண்களும் கூடையை வைத்துவிட்டுக் கொஞ்சநேரம் தேடினார்கள். ஒருத்தி, "ஸ்பிரிங்கு தேடுறோமா, மாப்பிள்ளைக்கிப் பொண்ணு தேடுறோமா?" என்று மாமாவைக் கேட்டாள். மற்றவர்கள் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். மிச்சமிருந்த மூடி, கிண்ணம், வளையம் மூன்றையும் ஒரு தகர டப்பாவில் போட்டு சீட்டுக்கடியில் வைத்தார்.

ஹோன் இல்லாமல் நிறுவைக்கு எப்படிக் கூப்பிடுவது? அந்தப் பெரும் பொறுப்பு எனக்கு வந்தது. பழைய பிஸ்கட் தகரம் ஒன்றை மாமா என்னிடம் கொடுத்தார். வளைவில் லொறி மெதுவாகத் திரும்பும்போது ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, அகப்பைக் காம்பால் தகரத்தை அடிக்க வேண்டும். முதல் நாள் பெண்கள் இறங்கவே இல்லை. பன்றி விரட்டுகிறார்கள் என்று நினைத்தார்களாம். இரண்டாம் நாளிலிருந்து பழகிவிட்டார்கள். என் தகரச் சத்தத்துக்கு ஒரு மலையே இறங்கி வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. கூட்டாளி இல்லாத குறையும் பூட்டிய கதவுகளும் அந்த நாட்களில் எனக்கு மறந்தே போயின. மாமாவும் வழக்கத்தைவிடக் கூடுதலாகப் பேசினார். அம்மா மட்டும், தொழிற்சாலையில் இயந்திரம் காக்கிற ரோதமுனிச் சாமிக்குச் சேவல் நேர்ந்துவிட்டு மறந்ததால்தான் லொறிக்கு வாய் அடைத்துவிட்டது என்று சொல்லி, ஸ்டியரிங் நடுவிலிருந்த ஓட்டைக்கு விபூதி பூசிவிட்டுப் போனாள்.

புது டிரைவர் மறுபடி வந்தார். ஓட்டைக்குள் எட்டிப் பார்த்து, "ஹோன் எக வெட நே, நேத?" என்று வருத்தமாகக் கேட்டார். வேலை செய்யவில்லை என்பதை மாமாவும் அதே வருத்தத்தோடு ஒப்புக்கொண்டார். அவர் திரும்பிப் போனார். பிறகு ஒருநாள் மாமா ஆபீஸ் வாசலில் லொறியை நிறுத்தியபோது பெரிய கிளாக்கர் வெளியே வந்தார். நல்ல மனிதர், யாரையும் அடா புடா என்று பேசாதவர். நான் சாக்கின்மேல் உட்கார்ந்திருப்பதை அவர் கவனிக்கவில்லை.

"இங்க பாருப்பா, அந்த மனுசன் வந்து வந்து போறாரு. ஹோன் இல்லாத லொறிய நான் எப்பிடி அவருகிட்ட குடுக்கிறது? தொர என்னயக் கேக்கிறாரு."

"ஸ்பிரிங்கு கெடைக்கலீங்க ஐயா."

"அட்டன்ல கெடைக்காத ஸ்பிரிங்கா?"

கிளாக்கர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, தேடு. என்னால ஏலுமான வரைக்கும் நான் சொல்லிப் பாக்கிறேன்" என்று உள்ளே போய்விட்டார்.

என் மண்டைக்கு அது ஒரே ஒரு விதமாகத்தான் விளங்கியது. ஹோனைச் சரிசெய்யத் தெரியாத டிரைவர் என்று மாமாவைத் தள்ளிவிட்டு, லொறியை இன்னொருவருக்குக் கொடுக்கப் போகிறார்கள். லொறி இல்லாவிட்டால் மாமாவுக்கு இங்கே வேலை இல்லை, வேலை இல்லாவிட்டால் இந்தியாவுக்குத்தான் போக வேண்டும். அப்படியென்றால் எல்லாம் அந்தப் பாழாய்ப்போன சுருளில்தான் இருக்கிறது. அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தகரம் அடிக்கும்போதும் கண் கீழே மண்ணைத்தான் தேடியது.

வீட்டில் பெரியவர்களுக்கு அந்தக் கவலை இருந்ததாகவே தெரியவில்லை. மாமா ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருக்கும்போது அம்மா, "எத்தன நாளைக்கிடா தம்பி இப்பிடியே?" என்று கேட்டாள்.

"ஸ்பிரிங்கு கெடைக்கட்டும்க்கா."

அம்மா சிரித்தாள். சிரித்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். விறகு ஈரம், புகை வந்திருக்கும் என்று நினைத்தேன். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு அவள்மேல் கெட்ட கோபம் வந்தது.

ஒரு திங்கட்கிழமை, அம்மா மலைக்குப் போகும்போது மாமாவின் அழுக்குச் சட்டையை எடுத்து ஊறப்போடச் சொல்லிவிட்டுப் போனாள். மாமா பையில் நெருப்புப் பெட்டியை மறந்துவிடுவார் என்பதால் பையைத் தடவிப் பார்ப்பது என் வழக்கம். உள்ளே அவருடைய லேஞ்சி இருந்தது. முகம் துடைக்கிற அந்தத் துணியின் மூலையில் ஒரு முடிச்சு. சாமிக்கு நேர்ந்த காசை முடிந்து வைப்பதுபோல இறுக்கி முடிந்திருந்தது, பல்லால்தான் அவிழ்க்க முடிந்தது. அவிழ்த்ததும் சுருள் துள்ளி என் மடியில் விழுந்தது.

நான் மாமாவின் மறதியை நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டேன். பத்திரமாக இருக்கட்டும் என்று தானே முடிந்து வைத்துவிட்டு, தானே மறந்து, தோட்டம் முழுவதையும் தேட வைத்த ஆளை என்ன சொல்வது? சட்டையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். லொறி கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் பக்கத்தில் கல் வைத்து நின்றது. மாமா ஆபீசுக்குப் போயிருந்தார். திரும்பி வரட்டும் என்று காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. அவர் வரும்போது ஹோன் கத்த வேண்டும், அதைக் கிளாக்கரும் கேட்க வேண்டும்.

டிரைவர் சீட்டில் மண்டியிட்டு, டப்பாவைத் திறந்து எல்லாவற்றையும் மடியில் போட்டுக்கொண்டேன். கிண்ணத்தை வைத்தேன், அதன்மேல் சுருளை நிறுத்தினேன், மூடியை அமுக்கினேன். சுருள் வழுக்கிக்கொண்டு போய்ப் பக்கத்தில் விழுந்தது. மறுபடி நிறுத்தினேன். மூடியை உள்ளங்கையால் அமுக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு திருகு திருகினேன். அடுத்த நொடி லொறி வாய்விட்டு அலறத் தொடங்கியது. கையை எடுத்தேன், நிற்கவில்லை. மடியில் பார்த்தால் கறுப்பு வளையம் அங்கேயே கிடக்கிறது.

மூடியைத் திருப்பிக் கழற்ற வரவில்லை. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஹோன் கத்துகிறது, நான் அதோடு சேர்ந்து கத்துகிறேன், பாறை இரண்டையும் வாங்கித் திருப்பி அனுப்புகிறது. கண்ணாடி வழியே பார்த்தால் மலை முழுவதும் பெண்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அடி நிரம்பாத கூடைகளோடு, ஒருத்திக்கு ஒருத்தி விளக்கம் கேட்டபடி வந்தார்கள். கங்காணி, "இப்பத்தானடி ஏறுனீங்க, எங்க எறங்குறீங்க?" என்று குறுக்கே நின்றார். "ஹோன் கூப்புடுது, நீங்க என்னா மறிக்கிறீங்க?" என்று அவரைச் சுற்றிக்கொண்டு வந்தார்கள். வேலை தொடங்கி ஒரு மணிநேரம்கூட ஆகியிருக்காது. அந்த மலையில் அப்படி ஒரு நிறுவை அதற்கு முன்னும் நடந்ததில்லை, பின்னும் நடந்ததில்லை.

எப்படியோ மூடி கையோடு வந்தது. சத்தம் நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வளையத்தை அடியில் வைத்தேன், கிண்ணம், சுருள், மூடி எல்லாவற்றையும் அதனதன் வரிசையில் பூட்டினேன். அமுக்கினேன், கத்தியது. விட்டேன், நின்றது. முதலில் வந்து சேர்ந்த அம்மாவுக்குக் காட்டுவதற்காக மறுபடி ஒருமுறை அமுக்கினேன். அம்மா என்னை அடிக்கக் கையை ஓங்கினாள். ஓங்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் என் தலையில் வைத்தாள். அந்தக் கையில் கொழுந்து வாசனை இருந்தது.

ஆபீஸ் பாதையில் கிளாக்கரும் மாமாவும் ஓடி வந்தார்கள். பெண்கள் விலகி வழிவிட்டார்கள். எல்லோரும் சட்டென்று பேச்சை நிறுத்தியது எனக்குப் பெருமையாக இருந்தது.

"ஸ்பிரிங்கு எங்க இருந்திச்சி?" என்று மாமா கேட்டார்.

"ஒங்க சட்டப் பையிலதான் மாமா. லேஞ்சியில முடிஞ்சி வச்சி மறந்துட்டீங்க."

ஒருத்தியும் சிரிக்கவில்லை. மாப்பிள்ளைக் கேலி பேசியவள்கூடத் தலையைக் குனிந்துகொண்டாள். மாமா கிளாக்கரைப் பார்க்காமல், "ஆமா, மறந்துட்டேன்" என்றார்.

கிளாக்கர் மாமாவின் தோளில் கை வைத்து மெதுவாக, "மல முழுக்கக் கேட்டிருச்சேப்பா. இனி நான் என்னா செய்ய ஏலும்?" என்றார்.

"பரவால்லீங்க ஐயா."

மாமா ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். மூடியைக் கழற்றினார். கறுப்பு வளையம் சரியாக இருக்கிறதா, சுருள் நேராக நிற்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். திரும்பப் பூட்டினார், ஆனால் அமுக்கிப் பார்க்கவில்லை. நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

"இப்ப சரியாப் போச்சுதானே மாமா? இனி போவ வேணாந்தானே?"

"நல்லாப் பூட்டியிருக்கம்மா" என்றார் மாமா. "நான் பூட்டுனாக்கூட இப்பிடி வராது."

என்னை அவர் அம்மா என்று கூப்பிட்டது அன்றைக்கு ஒருநாள்தான். நான் கேட்டதற்கு அது பதில் இல்லை என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

புது டிரைவர் அந்த வாரமே வந்துவிட்டார். இந்தமுறை அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மாமாவின் ஒரே ஒரு டிரங்குப் பெட்டியைக் கொழுந்துச் சாக்குகள் போடுகிற இடத்தில் ஏற்றினார்கள். மாமா முன்னால் உட்கார மாட்டேன் என்று சொல்லி, பின்னால் பெட்டியோடு நின்றுகொண்டார். அட்டன் ஸ்டேஷனில் அம்மா அழுத அழுகையை எழுத எனக்குத் தெம்பில்லை. கோச்சி நகரும்போது மாமா ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் கன்னத்தைப் பிடித்தார். எனக்கு அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவ்வளவு வெட்கமாக இருந்தது. அந்தச் சுருளை ஒரு வாரம் முந்திக் கண்டுபிடித்துப் பூட்டியிருந்தால் மாமா போயிருக்க வேண்டியதில்லை, நான்தான் தாமதமாக்கிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு பிளாட்பாரத்தில் நின்றேன்.